வெயில் நாளில் சிறிய விமானத்தை மேலே கிளப்புவது எப்படி: புதிதாகப் பறப்பவர்களுக்கு

லைசென்ஸ் கைக்கு வந்த புதிதில் மேகம், மழை, பக்கக் காற்று, பனிமூட்டம் எல்லாவற்றையும் பார்த்துப் பயம் வரும். அது நல்ல பயம், இருக்கட்டும். ஆனால் வானம் பளிச்சென்று இருக்கிற, காற்றே இல்லாத, நல்ல வெயில் அடிக்கிற நாளைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை. அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில், குறிப்பாக ஐடஹோ, கொலராடோ, அரிசோனா, கலிஃபோர்னியா மலைப்பகுதிகளில், எந்தக் கோளாறும் இல்லாத விமானம் ரன்வேயைத் தாண்டி மேலே ஏற முடியாமல் மரத்திலோ வேலியிலோ போய் விழுவது பெரும்பாலும் இப்படிப்பட்ட நாட்களில்தான். இன்ஜின் சரியாக ஓடியிருக்கும், பெட்ரோல் இருந்திருக்கும், ஓட்டியவருக்கு அனுபவம்கூட இருந்திருக்கும். காற்றில் மட்டும் சத்து இருந்திருக்காது.

இதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் ஐடஹோவில் புரூஸ் மெடோஸ் என்ற புல்தரை ஓடுபாதையில் 2012 ஜூன் 30-ஆம் தேதி நடந்த விபத்து. விமானம் ஸ்டின்சன் 108-3, நான்கு பேர் உட்காரும் பழைய ரகம், 165 குதிரைத்திறன் இன்ஜின். ஓடுபாதை கடல் மட்டத்திலிருந்து சுமார் 6,370 அடி உயரத்தில் இருக்கிறது, நீளம் 5,000 அடி. பிற்பகல், வெப்பம் சுமார் 27 டிகிரி. நம் ஊர்க் கணக்கில் அது வெயிலே இல்லை. விமானத்துக்குள் கேமரா ஓடிக்கொண்டிருந்ததால் நடந்தது முழுவதும் பதிவாகியிருக்கிறது. விமானம் ஓடுகிறது, ஓடுகிறது, ஓடிக்கொண்டே இருக்கிறது. ஒரு முறை தரையை விட்டு எழும்பித் திரும்பத் தட்டுகிறது. அப்புறம் எழும்பி, மேலேறாமல் மர உச்சிகளை ஒட்டியே போகிறது. கடைசியில் மெதுவாக மரங்களுக்குள் அமிழ்ந்துவிடுகிறது. நால்வரும் உயிர் பிழைத்தார்கள், விமானிக்குத்தான் பலத்த காயம். அந்தப் பதிவில் என்னை உலுக்குவது மரத்தில் மோதுகிற இடம் இல்லை, அதற்கு முந்தைய நேரம்தான். தரையை விட்டு எழும்பிவிட்டதால் உள்ளே இருக்கிற எல்லோரும் விமானம் பறக்கிறது என்றே நினைத்திருப்பார்கள். தரையை விட்டு எழும்புவது வேறு, பறப்பது வேறு. இந்தக் கட்டுரை முழுக்க அந்த ஒரு விஷயத்தைப் பற்றித்தான்.

முதலில், சூடான காற்று என்ன செய்கிறது

காற்று சூடானால் விரியும், அடர்த்தி குறையும். உயரமான ஊர்களில் ஏற்கெனவே அடர்த்தி குறைவு. இரண்டும் சேர்ந்தால் விமானத்துக்கு மூன்று பக்கமும் அடி. இன்ஜினுக்குள் போகிற காற்று குறைகிறது, அதனால் எரிகிற பெட்ரோலும் குறைகிறது, சக்தி விழுகிறது. டர்போ (காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் கருவி) இல்லாத சாதாரண இன்ஜின் என்றால் ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் ஏறக்குறைய 3 சதவீதம் போய்விடும். அடுத்தது புரொப்பெல்லர், அதற்குப் பிடித்துத் தள்ளக் காற்று போதாது. மூன்றாவது இறக்கை: அதே எடையைத் தூக்க அது இன்னும் வேகமாகக் காற்றைக் கிழித்துக்கொண்டு போக வேண்டும். அதாவது, அதிக வேகம் தேவைப்படுகிற நேரத்தில்தான் வேகம் பிடிக்கிற சக்தி குறைவாக இருக்கிறது. ஓட வேண்டிய தூரம் கொஞ்சமாக அல்ல, மடங்காகக் கூடுவது இதனால்தான்.

புதியவர்களைக் குழப்புகிற இன்னொரு விஷயம், வேகம் காட்டும் கருவியும் அதே மெல்லிய காற்றைத்தான் அளக்கிறது. எனவே எழும்ப வேண்டிய வேகம் கருவியில் மாறாது. கடற்கரை ஊரில் 55 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) என்றால் மலை மேலும் 55 நாட்தான். ஆனால் உண்மையில் தரையில் நீங்கள் 60-க்கு மேல் போய்க்கொண்டிருப்பீர்கள். ஜன்னலில் புல் பறக்கிற வேகத்தைப் பார்த்து ‘போதும், எழும்பலாம்’ என்று கை தானாகப் பின்னால் இழுக்கும். இழுக்காதீர்கள். கண் சொல்வதை விட்டுவிட்டுக் கருவி சொல்வதைக் கேளுங்கள்.

டென்சிட்டி ஆல்டிட்யூடைக் கணக்கிடுங்கள்

விமானம் தன் ‘உடம்பில்’ எந்த உயரத்தை உணர்கிறதோ அதுதான் டென்சிட்டி ஆல்டிட்யூட். கணக்கு எளிது, மனதிலேயே போடலாம்.

உயரம் காட்டும் கருவியான ஆல்டிமீட்டரில் காற்றழுத்தத்தை 29.92 அங்குலம் என்று வையுங்கள் (மில்லிபாரில் என்றால் 1013). அது காட்டும் உயரம் பிரஷர் ஆல்டிட்யூட். குறித்துக்கொண்டதும் மறக்காமல் அன்றைய அழுத்தத்துக்கே திருப்பி வையுங்கள். அந்த உயரத்தில் வழக்கமாக இருக்க வேண்டிய வெப்பம் எவ்வளவு என்று பாருங்கள்: கடல் மட்டத்தில் 15 டிகிரி, ஆயிரம் அடிக்கு 2 டிகிரி குறைத்துக்கொண்டே போக வேண்டும். இன்றைய வெப்பம் அதைவிட எத்தனை டிகிரி கூடுதலோ அதை 120-ஆல் பெருக்கி, பிரஷர் ஆல்டிட்யூடோடு கூட்டுங்கள். முடிந்தது.

புரூஸ் மெடோஸுக்கே போட்டுப் பார்ப்போம். 6,370 அடியில் வழக்கமான வெப்பம் சுமார் 2 டிகிரி. அன்று 27. வித்தியாசம் 25, அதை 120-ஆல் பெருக்கினால் 3,000. அன்றைய காற்றழுத்தம் வழக்கமான அளவை ஒட்டி இருந்தது என்று வைத்துக்கொண்டால், 9,300 அடிக்குப் பக்கத்தில் வருகிறது. 165 குதிரைத்திறன் இன்ஜின் அந்த உயரத்தில் ஏறக்குறைய 120 குதிரைத்திறன்தான் தரும். நான்கு பேரை ஏற்றிய விமானத்தின் இன்ஜினில் கால் பங்குக்கு மேலே காணாமல் போய்விட்டது, யாரும் எதையும் கழற்றவில்லை.

இன்னும் சில இடங்கள். கொலராடோவில் லெட்வில் விமான நிலையம் 9,934 அடியில் இருக்கிறது, வட அமெரிக்காவிலேயே பொதுப் பயன்பாட்டில் உள்ளவற்றில் மிக உயரமானது. அங்கே 25 டிகிரி என்றால் விமானம் 13,500 அடியை உணர்கிறது. பல சிறிய விமானங்களுக்கு அதுதான் ஏற முடிந்த உச்சவரம்பே. மறுபக்கம் கலிஃபோர்னியாவின் டெத் வேலியில் ஃபர்னஸ் கிரீக் ஓடுபாதை கடல் மட்டத்துக்கு 210 அடி கீழே இருக்கிறது. கடல் மட்டத்துக்குக் கீழே என்றால் கவலை இல்லை என்று தோன்றும். 45 டிகிரி வெயிலில் கணக்குப் போடுங்கள், 3,300 அடி வரும். சென்னையில் 40 டிகிரி அடிக்கிற மே மாதத்தில் மீனம்பாக்கமே 3,000 அடியில் இருக்கிற மாதிரிதான். பெங்களூரு ஏற்கெனவே 3,000 அடியில் இருக்கிறது, அங்கே 36 டிகிரி என்றால் 6,000-ஐத் தாண்டிவிடும். மலை இல்லாத ஊர்க்காரர்களும் இந்தக் கணக்கைப் போட்டே ஆக வேண்டும்.

ஈரப்பதத்தை இந்தச் சூத்திரம் கணக்கில் எடுப்பதில்லை. நீராவி காற்றைவிட லேசானது, ஆகவே புழுக்கமான நாளில் இன்னும் சில நூறு அடி கூடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் பல சிறிய விமான நிலையங்களின் தானியங்கி வானிலை ஒலிபரப்பு டென்சிட்டி ஆல்டிட்யூடைத் தானே சொல்லிவிடும். சொன்னாலும் நீங்களும் ஒரு முறை போட்டுப் பாருங்கள். கேட்ட எண் காதோடு போய்விடும், போட்ட எண் மனதில் நிற்கும்.

பெரிய விமானங்களுக்கு இதெல்லாம் இல்லை என்று நினைக்க வேண்டாம். 2017 ஜூனில் ஃபீனிக்ஸில் வெப்பம் 119 டிகிரி ஃபாரன்ஹீட் வரை போகும் என்றதும், 118 வரைதான் அனுமதி உள்ள பம்பார்டியர் சிஆர்ஜே ரக விமானங்களின் பயணங்களை ரத்து செய்தார்கள். அவர்களுக்கு வரம்பைப் பார்த்துச் சொல்ல அலுவலகம் இருக்கிறது. உங்களுக்கு நீங்கள்தான்.

கையேட்டைத் திறந்து தூரம் பாருங்கள், அப்புறம் அதை நம்பாதீர்கள்

ஒவ்வொரு விமானத்தின் கையேட்டிலும் டேக்-ஆஃப் தூர அட்டவணை இருக்கும். இன்றைக்கு எங்கும் பார்க்கிற செஸ்னா 172எஸ்ஸை எடுத்துக்கொள்வோம், 180 குதிரைத்திறன், முழு எடை. கடல் மட்டத்தில் 20 டிகிரியில் தரையில் ஓடும் தூரம் சுமார் 1,000 அடி, 50 அடி உயரத் தடையைத் தாண்ட மொத்தம் சுமார் 1,700 அடி. அதே விமானம், அதே எடை, 6,000 அடியில் 30 டிகிரி: ஓட்டம் சுமார் 1,900, மொத்தம் சுமார் 3,300. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

இந்த எண்கள் எப்படி வந்தவை என்று யோசியுங்கள். சமமான, காய்ந்த, தார் போட்ட ஓடுபாதை. பிரேக்கைப் பிடித்துக்கொண்டு முழு சக்தி வந்த பிறகு விடுகிற குறுகிய ஓடுபாதை முறை. நல்ல நிலையில் உள்ள இன்ஜின், கை தேர்ந்த விமானி. நீங்கள் வாடகைக்கு எடுக்கிற விமானத்துக்கு வயது இருபதோ முப்பதோ இருக்கும், புரொப்பெல்லர் ஓரத்தில் கல் பட்ட பொத்தல்கள் இருக்கும். ஆகவே அட்டவணை எண்ணோடு குறைந்தது பாதியைச் சேருங்கள் என்று அமெரிக்காவின் விமானிகள் சங்கமான ஏஓபிஏ சொல்கிறது. நானும் அதைத்தான் பிடித்துக்கொள்ளச் சொல்வேன்.

இப்போது அதே 172எஸ்ஸைப் புரூஸ் மெடோஸ் மாதிரி ஒரு புல்தரையில் நிறுத்துங்கள். காய்ந்த புல்லுக்கு ஓட்டத்தில் 15 சதவீதம் கூட்டச் சொல்கிறது செஸ்னா கையேடு, அதாவது 280 அடி. 3,300 என்பது 3,600 ஆகிறது. அதில் பாதியைச் சேர்த்தால் 5,400. ஓடுபாதை 5,000 அடிதான். ஸ்டின்சனைவிட சக்தி அதிகமான, புதிய விமானம்கூட முழு எடையில் அந்தப் பிற்பகலில் கிளம்பக் கூடாது என்று காகிதத்திலேயே தெரிந்துவிடுகிறது. ஐயாயிரம் அடி என்று கேட்டால் யாருக்கும் தாராளமாகத்தான் தோன்றும்.

பின்காற்று இருந்தால் நிலைமை இன்னும் மோசம். ஒவ்வொரு 2 நாட் பின்காற்றுக்கும் தூரத்தில் 10 சதவீதம் கூட்ட வேண்டும். எதிர்க்காற்று தருகிற சலுகையோ 9 நாட்டுக்கு 10 சதவீதம்தான். ‘லேசாகப் பின்னால் வீசுகிறது, பரவாயில்லை’ என்ற பேச்சுக்கே வெயில் நாளில் இடம் கிடையாது. ஏற்றமான ஓடுபாதையும் அப்படித்தான், 2 சதவீத ஏற்றத்துக்கு 10 சதவீதம் தூரம் கூடும் என்பது பிரிட்டனின் விமானப் போக்குவரத்து ஆணையம் சொல்லும் தோராயக் கணக்கு.

தூரத்தோடு நிறுத்தாமல் ஏற்றத்தையும் பாருங்கள்

பெரும்பாலானவர்கள் ஓடுபாதை போதுமா என்று பார்ப்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். நான் கூடுதலாகக் கவலைப்படுவது அதற்கு அடுத்த இரண்டு நிமிடங்களைப் பற்றி. 172எஸ் கடல் மட்டத்தில் நிமிடத்துக்கு 730 அடி ஏறும். 9,000 அடி டென்சிட்டி ஆல்டிட்யூடில் அது 300 சொச்சம்தான். இந்த 300-ஐ வைத்து என்ன செய்யலாம்? அந்த நேரத்தில் தரை மீது ஏறக்குறைய 83 நாட்டில் போய்க்கொண்டிருப்பீர்கள். அதாவது ஒரு கடல் மைல் போவதற்குள் சுமார் 220 அடிதான் ஏறியிருப்பீர்கள். எதிரே தரையே ஒரு மைலுக்கு 200 அடி உயர்ந்துகொண்டு, அதன் மேல் நூறடி உயர மரங்களும் நின்றால் உங்களுக்கு மிச்சம் எதுவும் இல்லை. அந்த நேரத்தில் மலைச்சரிவிலிருந்து கீழே இறங்குகிற காற்று நிமிடத்துக்கு 300 அடி வேகத்தில் அமுக்கினால், மூக்கை எவ்வளவு தூக்கினாலும் விமானம் அதே உயரத்தில்தான் ஊர்ந்துகொண்டிருக்கும். வெயில் நாளின் பிற்பகலில் மலைப் பக்கம் அப்படிப்பட்ட காற்று வழக்கமானது.

அதனால் கிளம்புவதற்கு முன் வரைபடத்தை எடுத்து, தரை எந்தப் பக்கம் தாழ்கிறது என்று பார்த்து, அந்தப் பக்கம் போகத் திட்டமிடுங்கள். பள்ளத்தாக்கின் வாய்ப்பக்கம், ஆறு ஓடிப் போகிற திசை. நீங்கள் போக வேண்டிய ஊர் எதிர்த் திசையில் இருந்தாலும் முதலில் தாழ்வான பக்கம் போய், வட்டமடித்து உயரம் சேர்த்துக்கொண்டு, அப்புறம் திரும்புங்கள்.

எடையைக் குறையுங்கள்

வெப்பத்தை மாற்ற முடியாது, ஊரின் உயரத்தை மாற்ற முடியாது. எடையை மாற்றலாம். எடை 10 சதவீதம் கூடினால் டேக்-ஆஃப் தூரம் ஏறக்குறைய 20 சதவீதம் கூடும், இதுவும் பிரிட்டிஷ் ஆணையத்தின் கணக்குதான். குறைத்தாலும் அதே விகிதத்தில் உங்களுக்குச் சாதகமாக வேலை செய்யும்.

நான்கு இருக்கை இருப்பதால் நான்கு பேர் போகலாம் என்று அர்த்தம் இல்லை. 172எஸ்ஸில் முழுத் தொட்டி 53 கேலன், அதுவே 318 பவுண்டு. 75 கிலோ எடையுள்ள நான்கு பேர் 660 பவுண்டு. இரண்டும் சேர்ந்தால் பல விமானங்களில் கடல் மட்டத்திலேயே சட்ட வரம்பைத் தாண்டிவிடும், இன்னும் பைகளை எடுத்து வைக்கவே இல்லை. 1996-இல் வயோமிங்கின் ஷையன் நகரில் மழையில் கிளம்பி விழுந்த செஸ்னா 177பி வரம்பைவிடக் கிட்டத்தட்ட நூறு பவுண்டு கூடுதலாக இருந்தது என்று விசாரணையில் தெரியவந்தது. அந்த ஊர் 6,000 அடிக்கு மேலே இருக்கிறது, அன்று வெயில்கூட இல்லை.

எண்ணிப் பார்த்து எடை போடுங்கள். ஆட்களிடம் எடையைக் கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும், மாமாவிடமும் அத்தையிடமும் கேட்பது இன்னும் கஷ்டம். ‘பைலட்டுக்கு இது தெரிந்தே ஆகணும்’ என்று சொல்லிவிட்டு ஒரு தராசைக் கொண்டுவந்து வைத்துவிடுங்கள், வேலை முடிந்தது. பெட்ரோல் தேவைக்கும் சட்டம் சொல்கிற இருப்புக்கும் மட்டும், தாழ்வான ஊரில் இறங்கி நிரப்பிக்கொள்ளலாம். 20 கேலன் குறைத்தால் 120 பவுண்டு குறையும். அதுவும் போதாவிட்டால் ஆட்களை இரண்டு நடையாக, பெரிய ரன்வே உள்ள பக்கத்து ஊருக்குக் கொண்டுபோய் விடுங்கள். ஒரு மணி நேரம் வீணாகும், அவ்வளவுதான். மலைநாட்டில் பறக்கிற அனுபவசாலிகள் இதைச் சாதாரணமாகச் செய்கிறார்கள்.

நேரத்தைத் தேர்ந்தெடுங்கள்

காலையில் சீக்கிரம் கிளம்புங்கள். பத்து மணிக்குள் மலையை விட்டு வெளியே வந்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. காலை 10 டிகிரி இருக்கிற இடத்தில் பிற்பகல் 30 டிகிரி என்றால் டென்சிட்டி ஆல்டிட்யூடில் 2,400 அடி வித்தியாசம். மாலை நான்கு, ஐந்து மணிக்கு வெயில் தணிந்த மாதிரி தெரியும், தெர்மாமீட்டர் இறங்கியிருக்காது. காத்திருந்தால் சூரியன் இறங்கும் வரை காத்திருங்கள், இல்லையென்றால் ஓர் இரவு தங்கிவிடுங்கள்.

இதில் ஒரு பொறி இருக்கிறது, பலர் மாட்டிக்கொள்வது இதில்தான். இறங்குவதற்குத் தேவையான தூரம் கிளம்புவதற்குத் தேவையானதைவிடப் பல நேரம் குறைவு, அதுவும் உயரமான இடத்தில். காலை எட்டு மணிக் குளிரில், பெட்ரோல் பாதி தீர்ந்த விமானத்தில் வந்து அழகாக இறங்கிவிடுவீர்கள். சாப்பிட்டு, ஆற்றங்கரையில் நடந்துவிட்டு, இரண்டு மணிக்குத் திரும்பி வந்தால், இறங்கிய அதே ஓடுபாதையிலிருந்து கிளம்ப முடியாது. இறங்குவதற்கு முன்பே, திரும்பிக் கிளம்பப் போகிற நேரத்தின் வெப்பத்தை வைத்துக் கணக்கைப் போட்டுவிடுங்கள். வந்த பிறகு போடுகிற கணக்கில், ‘திங்கட்கிழமை வேலைக்குப் போகணுமே’ என்பதும் ஓர் எண்ணாக உள்ளே புகுந்துவிடும்.

மிக்ஸ்ச்சர்

கடல் மட்டத்தில் கற்றுக்கொண்டவர்கள் டேக்-ஆஃப் என்றாலே மிக்ஸ்ச்சரை, அதாவது காற்றோடு கலக்கிற பெட்ரோலின் அளவை மாற்றும் சிவப்புக் குமிழை, முழுக்க உள்ளே தள்ளிப் பழகியிருப்பார்கள். உயரத்தில் அது தவறு. காற்று குறைவு, பெட்ரோல் அதே அளவு, கலவை கெட்டியாகி இன்ஜின் மூச்சுத் திணறும், இருக்கிற கொஞ்ச சக்தியும் போய்விடும். டர்போ இல்லாத இன்ஜின், மாறாத கோணமுள்ள புரொப்பெல்லர் என்றால் செய்ய வேண்டியது இதுதான்: ஓடுபாதை முனையில், கல் இல்லாத இடத்தில் பிரேக்கைப் பிடித்து த்ராட்டிலைத் தள்ளி இன்ஜினுக்கு முழு சக்தி கொடுங்கள். சிவப்புக் குமிழை மெதுவாக வெளியே இழுங்கள். இன்ஜின் சுற்றும் வேகத்தைக் காட்டும் ஆர்பிஎம் முள் மெல்ல ஏறும், சத்தம்கூடத் தெளிவாகும். ஓரிடத்தில் ஏறுவது நின்று இறங்க ஆரம்பிக்கும். அந்த உச்சத்துக்குத் திரும்ப வந்து, கொஞ்சம் உள்ளே தள்ளி நிறுத்துங்கள், இன்ஜின் சூடாகாமல் இருக்க அது உதவும். 3,000 அடிக்கு மேல் இதைச் செய்யச் செஸ்னா கையேடே சொல்கிறது. உங்கள் விமானத்தின் கையேடு வேறு முறை சொன்னால் அதையே பின்பற்றுங்கள், டர்போ இன்ஜினுக்கு இது பொருந்தாது. ஃபிளாப்பும் (இறக்கையின் பின் ஓரத்தில் கீழே இறங்கும் மடிப்பு) கையேடு சொல்கிற அளவுதான், ‘இன்னும் கொஞ்சம் இறக்கினால் சீக்கிரம் எழும்பும்’ என்று கூடுதலாக வைத்தால் எழும்பிய பிறகு ஏறாது.

எங்கே நிறுத்துவது என்பதை ஓடுவதற்கு முன் முடிவு செய்யுங்கள்

இந்த ஒரு பகுதியை மட்டுமாவது மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். ஓடுபாதையின் பாதியைத் தொடும்போது எழும்பும் வேகத்தில் 70 சதவீதம் வந்திருக்க வேண்டும். வரவில்லை என்றால் த்ராட்டிலை மூடு, பிரேக், முடிந்தது கதை. எழும்பும் வேகம் 55 நாட் என்றால் பாதியில் 39. தொடர்ந்து ஒரே சீராக வேகம் கூடினால் பாதித் தூரத்தில் ஏறக்குறைய 70 சதவீத வேகம் வந்துவிடும், அந்தக் கணக்கிலிருந்து வந்த விதி இது.

ஆனால் இந்த விதி சொல்வது, ஓடுபாதை முடிவதற்குள் தரையை விட்டு எழும்புவீர்கள் என்பதை மட்டும்தான். மரத்தைத் தாண்டுவீர்கள் என்று அது சொல்லவே இல்லை. எனவே எதிரே மரம் இருந்தால் மொத்த நீளத்தின் பாதியை எடுக்காதீர்கள். 5,000 அடியில் மரத்தைத் தாண்ட 2,000 வேண்டும் என்றால், மிச்சம் இருக்கிற 3,000-தான் உங்கள் ஓடுபாதை, அதன் பாதி 1,500. அங்கே 39 நாட் இல்லையென்றால் நிற்க இடம் தாராளமாக இருக்கும்.

அந்த இடத்தைக் கண்ணால் பார்க்கிற மாதிரி ஒரு பொருளில் அடையாளம் வையுங்கள்: ஒரு குறுக்குப் பாதை, காற்றுப் பை, தனி மரம். அமெரிக்காவில் தார் ஓடுபாதைகளின் நடுக்கோடு 120 அடிக் கோடு, 80 அடி இடைவெளி என்று போடப்பட்டிருக்கும், ஐந்து கோடு தாண்டினால் ஆயிரம் அடி. புல்தரையில் இறங்கி நடந்துபோய் ஒரு கொடியை நட்டுவிட்டு வாருங்கள். நடக்கும்போது தரை எங்கே ஈரம், எங்கே பள்ளம் என்பதும் தெரிந்துவிடும். பக்கத்தில் உட்காருகிறவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்: ‘அந்தக் கொடி வரும்போது 39 இல்லன்னா நிறுத்திடுவேன்.’ சொல்லிவிட்டால் நிறுத்துவது சுலபம்.

ஓடும்போதும் எழும்பிய பிறகும்

முழு சக்தி கொடுத்து, ஆர்பிஎம் நீங்கள் சற்று முன் பார்த்த அளவுக்கு வந்துவிட்டதா என்று பார்த்துவிட்டு பிரேக்கை விடுங்கள். சரளைக்கல் தரை என்றால் நின்ற இடத்தில் முழு சக்தி கொடுக்க வேண்டாம், புரொப்பெல்லர் கெட்டுவிடும், உருண்டுகொண்டே கொடுங்கள், அதற்கும் தூரம் கூட்டிக்கொள்ளுங்கள். வேக முள் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். எல்லாம் மந்தமாகத்தான் இருக்கும், முழுச் சுமையோடு மலைப்பாதையில் முனகிக்கொண்டு ஏறுகிற பழைய பஸ் மாதிரி. அந்த மந்தம் கணக்குப்படி வருகிற மந்தமா, கணக்கைவிட அதிகமா என்பதைக் கொடி சொல்லும்.

தரைக்கு மிக அருகில், இறக்கையின் நீளம் அளவு உயரத்துக்குள், விமானத்துக்குக் காற்றின் இழுவை குறையும். கிரவுண்ட் எஃபெக்ட் என்பது இதுதான். 172-க்கு அது 36 அடி. அதற்குள் இருக்கும்போது, மேலே ஏறப் போதாத வேகத்தில்கூட விமானம் மிதக்கும். அப்போது மூக்கைத் தூக்கினால், அந்த உதவி போய், இழுவை கூடி, வேகம் குறைந்து, ஒன்று திரும்பத் தரையில் அமரும், இல்லையென்றால் ஸ்டால் ஆகும், அதாவது இறக்கை தூக்கும் சக்தியை இழந்துவிடும். ஆகவே எழும்பியதும் மூக்கைச் சற்றுத் தாழ்த்தி, தரையை ஒட்டியே ஓடவிட்டு, ஏறும் வேகம் வந்த பிறகு மட்டும் தூக்குங்கள். 172எஸ்ஸுக்குச் சிறந்த ஏற்ற வேகம் கடல் மட்டத்தில் 74 நாட், 10,000 அடியில் 72. தடையைத் தாண்ட உதவும் செங்குத்து ஏற்ற வேகம் 62-இலிருந்து 67-ஆகக் கூடும். உயரத்தில் இந்த இரண்டும் நெருங்கி வருவதால், வேகத்தில் தவறுவதற்கு இடம் குறைவு.

ஏறவில்லை என்று தெரிந்தால்? எதிரே இன்னும் ஓடுபாதையோ திறந்த வெளியோ இருந்தால், தயங்காமல் சக்தியைக் குறைத்து நேராக இறக்கிவிடுங்கள். கடைசி வேலியில் முட்டி நின்றாலும் மெதுவான வேகத்தில் முட்டுவீர்கள். அந்த இடத்தைத் தாண்டிவிட்டால், திரும்பி ஓடுபாதைக்கு வர முயற்சி செய்யாதீர்கள். சாய்த்துத் திரும்பினால் ஸ்டால் ஆகும் வேகம் கூடும், 45 டிகிரி சாய்வில் 19 சதவீதம் கூடுதல், உங்களிடம் அந்த 19 சதவீதம் இல்லை. இறக்கைகளைச் சமமாக வைத்து, மூக்கைத் தாழ்த்தி வேகத்தைக் காப்பாற்றி, தரை தாழ்கிற பக்கம் மிக லேசாக மட்டும் திருப்புங்கள். மரத்தில்தான் போய் விழ வேண்டும் என்றால், கட்டுப்பாட்டில் இருக்கும்போதே, நிமிர்ந்த நிலையில், எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாகப் போங்கள். ஸ்டால் ஆகித் தலைகுப்புற விழுகிறவர்கள் பிழைப்பது அரிது. தோள்பட்டையையும் சேர்த்துக் கட்டும் பெல்ட் எல்லோருக்கும் இறுக்கமாக இருக்கிறதா என்பதைக் கிளம்புவதற்கு முன்பே பார்த்திருக்க வேண்டும்.

இதைப் பழக ஒரு வழி

மலைக்குப் போவதற்கு முன், உங்கள் பயிற்றுநரோடு ஒரு நாள் மேலே போங்கள். வெளி வெப்பத்தையும் ஆல்டிமீட்டரையும் வைத்து டென்சிட்டி ஆல்டிட்யூட் 9,000 வருகிற உயரத்துக்கு ஏறி, மிக்ஸ்ச்சரைச் சரிசெய்து, வேகத்தைக் குறைத்துச் சமமாகப் பறந்து, அங்கிருந்து முழு சக்தி கொடுத்து ஏற முயன்று பாருங்கள். ஏற்ற முள் எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் 20 டிகிரி சாய்த்துத் திரும்பிக்கொண்டே ஏறிப் பாருங்கள், முள் இன்னும் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். அன்றைக்கு விமானத்தில் எத்தனை பேர், எவ்வளவு பெட்ரோல் என்பதையும் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள், இரண்டு பேரோடு பார்த்த எண் நான்கு பேருக்குப் பொருந்தாது. அந்தத் தாளைக் கையேட்டின் டேக்-ஆஃப் அட்டவணைப் பக்கத்தில் செருகி வைத்தால், அடுத்த முறை கணக்குப் போடும்போது உங்கள் விமானத்தின் உண்மையான எண்ணும் கண் முன்னால் இருக்கும்.